பின்பனிக் காலத் திருநாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி முடிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையுள்ள ஆறேழு வாரங்களில் உலகின் வடபாதியில் திருநாள்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அவற்றோடு சில கதைகளும் சுற்றுக்கு வந்துவிடும். காதலர் தினம் ரோமானியரின் ஓநாய் விழாதான் என்பார்கள். மெழுகுவர்த்தித் திருநாள் அயர்லாந்தின் பழைய கெல்டியரிடமிருந்து எடுத்தது என்பார்கள். சிலவற்றுக்கு ஆதாரம் உண்டு, பலவற்றுக்கு இல்லை. ஆதாரம் உள்ள வரலாறு அந்தக் கதைகளைவிடச் சுவையானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

பின்பனிக் காலம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தமிழில் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிப்பது வழக்கம்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. குளிர்காலத்தின் கடைசிப் பகுதிக்கென்றே தனிச்சொல் இருப்பது நல்ல வசதி. இங்கே அந்தச் சொல்லைச் சற்று முன்னே நகர்த்தி, பிப்ரவரித் தொடக்கம் முதல் மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் நாள் வரை என்று வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 21 அல்லது 22தான் வடபாதியில் பகல் மிகக் குறுகிய நாள். அதற்கும் பகலிரவு சமநாளுக்கும் நட்டநடுவில் விழுவது பிப்ரவரி 4 வாக்கு. அந்த நடுப்புள்ளியைச் சுற்றித்தான் அயர்லாந்திலும் சீனாவிலும் ஜப்பானிலும் பழைய திருநாள்கள் நிற்கின்றன.

டிசம்பரிலேயே பகல் நீளத் தொடங்கிவிடுகிறதே, அப்புறம் ஏன் பிப்ரவரியில் கொண்டாட்டம்?

டிசம்பர் இறுதியில் பகல் நீள்வது கண்ணுக்குத் தெரியாது. நாளுக்குச் சில நொடிகள்தான் கூடும். போகப்போக அந்த வேகம் அதிகரித்து, சமநாளன்று உச்சத்தைத் தொடும். பிப்ரவரித் தொடக்கத்தில்தான் "அட, இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று மாலையில் நிமிர்ந்து பார்ப்போம்.

குளிரோ உடனே விடாது. தரையும் கடலும் தாங்கள் பெறும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் அதிகமாக இருக்கும்வரை குளிர்ந்துகொண்டேதான் போகும். அதனால் பல நாடுகளில் ஜனவரிக் கடைசி வாரங்களே மிகக் குளிரானவை. வெளிச்சம் திரும்பிவிட்டது, வெப்பம் திரும்பவில்லை. இந்த இடைவெளிதான் இந்தப் பருவத்தின் குணம்.

இன்னொன்று சாப்பாடு. பழைய வேளாண் சமூகங்களில் இலையுதிர் காலத்தில் சேமித்த தானியமும் உப்பிட்ட இறைச்சியும் பிப்ரவரியில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். புது விளைச்சலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆடுகள் குட்டி ஈன்று பால் சுரக்கத் தொடங்கும். பகல் நீள்வதால் கோழிகள் மறுபடி முட்டையிடத் தொடங்கும். பாலும் முட்டையும் வெண்ணெயும் இந்தக் காலத்துத் திருநாள் பண்டங்களில் ஏன் இத்தனை முறை வருகின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிப்ரவரி என்ற பெயருக்கு என்ன பொருள்?

சுத்திகரிப்பு. லத்தீனில் 'பெப்ருவா' என்றால் தீட்டுக் கழிக்கப் பயன்படுத்தும் பொருள்கள். ரோமானியர்களின் மிகப் பழைய காலக்கணக்கில் ஆண்டு மார்ச்சில்தான் தொடங்கியது. செப்டம்பர் என்பது ஏழாம் மாதம், டிசம்பர் என்பது பத்தாம் மாதம் என்ற பொருள் அந்தப் பெயர்களுக்குள் இன்னும் இருக்கிறது. ஆக, பிப்ரவரி ஆண்டின் கடைசி மாதமாக இருந்தது. இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, வீட்டையும் ஊரையும் தூய்மையாக்கி, புது ஆண்டுக்குள் நுழைவதற்கான மாதம். சீனப் புத்தாண்டுக்கு முன் வீட்டைப் பெருக்கித் துடைப்பதும், ஜப்பானில் பேயை விரட்டுவதும் இதே வேலைதான், வேறு ஊரில், வேறு பெயரில்.

இம்போல்க் என்பது என்ன?

அயர்லாந்தின் பழைய பருவத் திருநாள்கள் நான்கில் ஒன்று. மற்ற மூன்றும் பெல்டேன், லூனசா, சவின். இம்போல்க் பிப்ரவரி 1 அன்று வருகிறது. வசந்தத்தின் தொடக்கம் அதுவே என்பது ஐரிஷ் கணக்கு.

பெயரின் பொருள் பற்றி அறிஞர்களிடையே ஒரே முடிவு இல்லை. 'வயிற்றுக்குள்' என்று பொருள் சொல்வோர் அதைச் சினையாடுகளோடு இணைக்கிறார்கள். இடைக்கால ஐரிஷ் சொல்லகராதி ஒன்று அதை 'ஆட்டுப் பால்' என்று விளக்குகிறது. பழைய ஐரிஷ் கதை ஒன்றிலும் ஆடுகளில் பால் கறக்கத் தொடங்கும் காலம் என்றே குறிப்பு வருகிறது. எப்படிப் பார்த்தாலும் ஆடு விலகவில்லை! சொற்பிறப்பு எதுவாக இருந்தாலும், இது மேய்ச்சல்காரர்களின் நாள் என்பது தெளிவு.

அயர்லாந்தின் தாரா குன்றில் சுமார் 5000 ஆண்டுப் பழமையான கல்லறை மேடு ஒன்று இருக்கிறது. பிப்ரவரித் தொடக்கத்திலும் நவம்பர்த் தொடக்கத்திலும் எழும் சூரியனின் ஒளி அதன் உட்பாதைக்குள் நுழைகிறது. இதை வைத்து "5000 ஆண்டாக இம்போல்க் கொண்டாடுகிறார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நாளை அதைக் கட்டியவர்கள் கவனித்திருக்கக்கூடும் என்பதுவரை சரி. அவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதைக் கல் சொல்லாது.

பிரிஜிட் தெய்வமா, புனிதரா?

இரண்டாகவும் நூல்களில் இருக்கிறார். இம்போல்க் வரும் அதே பிப்ரவரி 1, அயர்லாந்தின் கில்டேர் ஊரைச் சேர்ந்த புனித பிரிஜிட்டின் திருநாள். நாணல் தண்டுகளில் சிலுவை பின்னி வாசலில் மாட்டுவார்கள். தெய்வம்தான் முதலில் இருந்தாள், திருச்சபை அவளைப் புனிதராக மாற்றிக்கொண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

எழுத்துச் சான்றின் வரிசை மட்டும் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. புனிதரின் வாழ்க்கை வரலாறு 7ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. பிரிஜிட் என்ற தெய்வத்தைப் பற்றி, புலவர்கள் வணங்கிய பெண் தெய்வம் என்ற குறிப்பு, 900ஆம் ஆண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட சொல்லகராதியில்தான் கிடைக்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் கிறிஸ்தவ மரபில் வந்தவர்களே. தெய்வம் பழையதாகவே இருக்கலாம். ஆனால் அது ஊகம், சான்று அல்ல. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதுதான் இருவருக்கும் மரியாதை.

2023 முதல் அயர்லாந்தில் இதற்குப் பொது விடுமுறை உண்டு. வழக்கமாக பிப்ரவரியின் முதல் திங்கள். பிப்ரவரி 1 வெள்ளியில் வந்தால் அந்த வெள்ளியே விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அந்நாடு அறிவித்த முதல் பொது விடுமுறை இதுதான்.

பிப்ரவரி 2இல் வரும் மெழுகுவர்த்தித் திருநாள் இம்போல்க்கிலிருந்து வந்ததா?

இல்லை. இது எளிய கணக்கு. மோசேயின் சட்டப்படி, ஆண் குழந்தை பெற்ற தாய்க்குத் தூய்மைச் சடங்கு முடிய 40 நாள். லூக்கா நற்செய்தியில், அந்த நாள் வந்தபோது மரியாவும் யோசேப்பும் குழந்தையை எருசலேம் கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். முதியவர் சிமியோன் குழந்தையை ஏந்தி, பிற இனத்தாருக்கு ஒளி என்கிறார். டிசம்பர் 25ஐ முதல் நாளாக வைத்து விரல் விட்டு எண்ணுங்கள். 40ஆம் நாள் பிப்ரவரி 2.

இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு வந்த எகேரியா என்ற பெண் பயணி, அங்கே இந்த விழாவைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்போது அது பிப்ரவரி 14இல் நடந்தது. அங்கே கிறிஸ்து பிறப்பை ஜனவரி 6இல் கொண்டாடியதால் 40ஆம் நாள் அப்படி விழுந்தது. அயர்லாந்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊரில், வேறு தேதியில் தொடங்கிய விழா இது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஐயே பின்பற்றுவதால், அவர்களுக்கு இது பிப்ரவரி 14இல்தான் வருகிறது. அதற்கு முந்தைய மாலை நெருப்பு மூட்டி, புதுமணத் தம்பதிகள் அதைத் தாண்டுவார்கள்.

சிமியோன் சொன்ன ஒளிதான் மெழுகுவர்த்தி மந்திரிப்பதற்குக் காரணம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா என்பார்கள். பிரான்சில் அன்று க்ரேப் என்ற மெல்லிய அப்பம் சுடுகிறார்கள். மெக்சிகோவில் இன்னும் அழகான ஏற்பாடு: ஜனவரி 6 அன்று வெட்டும் ரொட்டிக்குள் சிறு குழந்தைப் பொம்மையை மறைத்து வைப்பார்கள். யார் துண்டில் அது கிடைக்கிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே என்ற மக்காச்சோள மாவுப் பண்டம் போட வேண்டும்.

அதே நாளில் அமெரிக்காவில் ஒரு விலங்கு வானிலை சொல்கிறதாமே?

ஆம், கிரவுண்ட்ஹாக். வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த பருத்த விலங்கு. பிப்ரவரி 2 அன்று அது வெளியே வந்து தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். நிழல் விழாவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும் என்பது நம்பிக்கை.

இதன் வேர் மெழுகுவர்த்தித் திருநாள்தான். அன்று வெயில் அடித்தால் குளிர் நீளும் என்ற பழமொழி ஐரோப்பாவில் பல மொழிகளில் இருந்தது. ஜெர்மன் மொழி பேசிய பகுதிகளில் அந்த வெயிலைப் பார்க்கும் வேலையை வளைக்கரடிக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் புது மண்ணில் அதிகமாகக் கண்டது கிரவுண்ட்ஹாக்கை. வேலை அதற்கு மாறியது. பங்ஸடாவ்னி என்ற சிற்றூரில் 1887இல் தொடங்கிய சடங்கு இன்றுவரை நடக்கிறது.

குளிர்த் தூக்கத்தில் இருக்கும் ஆண் கிரவுண்ட்ஹாக்குகள் பிப்ரவரியில் உண்மையாகவே சற்று நேரம் வெளியே வருகின்றன. பெண் விலங்குகளின் வளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைக்கத்தான்.

அந்தக் கணிப்பு பலிக்கிறதா?

இல்லை. அதை நம்பி யாரும் விதைக்க வேண்டாம். பிப்ரவரி 2இலிருந்து ஆறு வாரம் எண்ணினால் மார்ச் 16. சமநாளுக்கு நான்கு நாள்தான் மிச்சம். நிழல் விழுந்தாலும் விழாவிட்டாலும் நாட்காட்டியின் வசந்தம் அப்போதுதான் வரும்.

ஜப்பானில் ஏன் மொச்சை வீசுகிறார்கள்?

மொச்சை அல்ல, வறுத்த சோயா பீன்ஸ். செட்சுபுன் என்பது அந்த நாளின் பெயர். 'பருவங்களைப் பிரிக்கும் நாள்' என்று பொருள். ஆண்டுக்கு நான்கு செட்சுபுன் உண்டு என்றாலும், வசந்தத்துக்கு முந்தையது மட்டுமே இப்போது பெரிதாகக் கொண்டாடப்படுகிறது. "பேயே வெளியே போ, நற்பேறே உள்ளே வா" என்று கூவியபடி வீசிவிட்டு, அவரவர் வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் எடுத்துத் தின்பார்கள்.

சீனாவிலிருந்து வந்த பேயோட்டும் சடங்கு 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஜப்பானிய அரண்மனையில் நடந்திருக்கிறது. ஆண்டின் கடைசி இரவில் செய்யும் சடங்கு அது. பயறு வீசும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பதிவாகிறது. வறுக்காத பயறு எங்காவது விழுந்து முளைத்துவிட்டால் கேடு என்பதால் வறுத்தே வீச வேண்டும்.

பெரும்பாலும் பிப்ரவரி 3இல் வரும். ஆனால் இது வானியல் கணக்கில் ஓடும் நாள் என்பதால் அவ்வப்போது நகரும். 2021இல் பிப்ரவரி 2க்கு வந்தது; 1897க்குப் பிறகு அப்படி வந்தது அதுவே முதல் முறை.

அன்று அதிர்ஷ்டத் திசையைப் பார்த்து, பேசாமல், ஒரு முழுச் சுஷி உருளையைத் தின்னும் வழக்கமும் உண்டு. அது ஒசாகா பக்கத்து வழக்கம். 1990களுக்குப் பிறகு சிறு கடைச் சங்கிலிகள் விளம்பரப்படுத்தியதால் நாடு முழுக்கப் பரவியது. விளம்பரத்தால் பரவியது என்பதற்காக அதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. குடும்பமாக ஒரே திசையில் திரும்பி நின்று மௌனமாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அது உண்மையான திருநாள்தான்.

சீனப் புத்தாண்டின் தேதி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

சந்திர மாதம் சுமார் இருபத்தொன்பதரை நாள். அப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. அப்படியே விட்டால் புத்தாண்டு பருவத்தை விட்டு நழுவிப் போய்விடும். அதனால் 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்க்கிறார்கள். குறும்பகல் நாள் எப்போதும் பதினொன்றாம் மாதத்தில் விழ வேண்டும் என்பது விதி. இதன் விளைவாக, பெரும்பாலும் குறும்பகலுக்குப் பிந்தைய இரண்டாவது அமாவாசையில் புத்தாண்டு வருகிறது. அதாவது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில்.

இது சீனாவுக்கு மட்டும் உரியதல்ல. வியட்நாமில் தெட், கொரியாவில் சொல்லால். பன்னிரு விலங்கு வரிசையில் சீனர்களின் முயல் ஆண்டு வியட்நாமியருக்குப் பூனை ஆண்டு. திபெத்தின் லோசாரும் மங்கோலியாவின் 'வெள்ளை மாதமும்' இதே வாரங்களில் வந்தாலும் அவற்றின் கணக்கு தனி. சில ஆண்டுகளில் ஒரு மாதமே வேறுபடும்.

ஜப்பான் 1873இல் நாட்காட்டியை மாற்றியபோது புத்தாண்டையும் ஜனவரி 1க்கு நகர்த்திவிட்டது.

நியான் என்ற அரக்க மிருகத்தை விரட்டத்தான் பட்டாசு வெடித்தார்களா?

சிவப்புக்கும் சத்தத்துக்கும் பயப்படும் நியான் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். பழைய நூல்களில் அந்த மிருகம் இல்லை. அச்சில் அது தென்படுவது 20ஆம் நூற்றாண்டில்தான். 'நியான்' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவம் கதிர்க்கட்டைச் சுமக்கும் ஒரு மனிதனைக் காட்டுகிறது. விளைச்சல் என்பதுதான் அதன் மூலப் பொருள். ஒரு விளைச்சல் என்றால் ஓர் ஆண்டு. எனக்கு அரக்கனைவிட இந்தக் கதிர்க்கட்டு பிடிக்கும்.

ஆனால் சத்தத்தால் தீயதை விரட்டும் எண்ணம் பழையதே. 6ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்று, புத்தாண்டு நாளில் மூங்கிலைத் தீயிலிட்டு வெடிக்க வைத்து மலைப் பேய்களை விரட்டியதைக் குறிப்பிடுகிறது. வெடிமருந்து வருவதற்கு முன்பே பட்டாசு இருந்தது.

காதலர் தினம் ரோமானியரின் லூபர்காலியாவிலிருந்து வந்ததா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

முதலில் லூபர்காலியா, அதாவது அந்த ஓநாய் விழா. ரோமில் பிப்ரவரி 15இல் நடந்தது. பாலட்டைன் குன்றின் அடிவாரக் குகையில் ஆடுகளையும் ஒரு நாயையும் பலியிடுவார்கள். அந்த ஆட்டுத்தோலைக் கீற்றுகளாக அறுத்து, இளைஞர்கள் அரைகுறை ஆடையோடு ஓடி, எதிரே வருபவர்களை அதனால் அடிப்பார்கள். அடி பட்டால் பிள்ளைப்பேறு கிட்டும் என்று பெண்கள் வேண்டுமென்றே வழியில் நிற்பார்கள். கி.மு. 44இல் இந்த விழாவின்போதுதான் மார்க் ஆண்டனி ஜூலியஸ் சீசருக்கு முடி சூட்ட முன்வந்தார். சரியாக ஒரு மாதத்தில் சீசர் கொல்லப்பட்டார்.

5ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கெலாசியுஸ், கிறிஸ்தவர்கள் இன்னும் இந்த விழாவைக் கைவிடாததைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். இதுவரை வரலாறு. "அவர் அதற்குப் பதிலாக வாலண்டைன் திருநாளை வைத்தார்" என்பது பிற்காலத்தவர் சேர்த்தது. அந்தக் கடிதத்தில் காதலும் இல்லை, வாலண்டைனும் இல்லை. இளைஞர்கள் பெண்களின் பெயரைச் சீட்டெடுத்தார்கள் என்ற கதைக்கும் ரோமானியச் சான்று கிடையாது.

வாலண்டைன் என்ற பெயரில் தியாகிகள் ஒருவருக்கு மேல் உண்டு. 3ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டதாக மரபு சொல்லும் இருவர் பிப்ரவரி 14ஐப் பகிர்ந்துகொள்கிறார்கள்: ஒருவர் ரோம் நகரத்தவர், இன்னொருவர் இத்தாலியின் தெர்னி ஊரினர். படைவீரர்களுக்கு ரகசியமாகத் திருமணம் செய்துவைத்தார் என்பதெல்லாம் மிகவும் பின்னால் வந்த அலங்காரம். அவர்களைப் பற்றி உறுதியான செய்திகள் குறைவு என்பதாலேயே 1969இல் கத்தோலிக்கப் பொது நாட்காட்டியிலிருந்து அந்தத் திருநாள் எடுக்கப்பட்டது.

அப்படியானால் காதல் எங்கிருந்து வந்தது? பறவைகளிடமிருந்து. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், வாலண்டைன் நாளில் பறவைகள் எல்லாம் கூடித் துணை தேர்ந்தெடுப்பதாக ஒரு நெடும்பாட்டு எழுதினார். வாலண்டைன் நாளைக் காதலோடு சேர்க்கும் எழுத்துகள் அவர் காலத்திலிருந்தே தென்படுகின்றன. ஜூலியஸ் சீசர் வகுத்த அன்றைய ஜூலியன் நாட்காட்டி பருவத்தைவிட எட்டு நாள் பின்தங்கியிருந்தது. அவர்களுடைய பிப்ரவரி 14 நம் கணக்கில் 22. குளிர் முழுதாக விலகாத அந்த நேரத்தில் இங்கிலாந்துப் பறவைகள் சில உண்மையாகவே பாடத் தொடங்கியிருக்கும். 1477இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து மார்ஜரி ப்ரூஸ் தன்னை மணக்கப்போகும் ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் அவரை 'என் அன்புக்குரிய வாலண்டைன்' என்று அழைக்கிறார். வரதட்சணைத் தொகையைத் தன் தந்தை கூட்ட மறுக்கிறார், உங்களுக்கு என்மேல் அன்பிருந்தால் என்னைக் கைவிட மாட்டீர்கள் என்கிறார். ஓநாய்க் குகைக் கதை இந்தக் கடிதத்துக்கு முன் நிற்காது. இருவருக்கும் திருமணமும் நடந்தது.

கார்னிவலுக்கும் நோன்புக்கும் என்ன தொடர்பு?

நோன்பு இல்லாவிட்டால், விருந்தும் கூத்துமான கார்னிவல் விழாவே இல்லை. இறைச்சியை விலக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் தொடரிலிருந்து வந்த சொல் அது. திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) வரை தவக்காலம் என்ற நோன்புக் காலம். இடைக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. வீட்டில் இருப்பதை அதற்கு முன் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் முந்தைய செவ்வாய்க்குப் பிரெஞ்சில் 'கொழுப்புச் செவ்வாய்' என்று பொருள்படும் மார்டி கிரா என்ற பெயர். அதனால்தான் இங்கிலாந்தில் அன்று முட்டையும் பாலும் சேர்த்த பேன்கேக். கொஞ்ச நாளில் பட்டினி போடப்போகும் வயிற்றுக்குக் கடைசி விருந்து.

உயிர்ப்பு ஞாயிறு, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அதனால் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் எங்கும் வரலாம். நெற்றியில் இடும் சாம்பல், முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்தது.

வெனிஸ் முகமூடி விழா ஏதோ இடைவிடாத மரபு என்று தோன்றும். 1797இல் அந்தக் குடியரசு வீழ்ந்ததும் விழா நின்றுபோனது. இப்போது நாம் படங்களில் பார்ப்பது 1979இல் மீண்டும் தொடங்கியது.

ரஷ்யாவின் மஸ்லெனித்சா இதன் ஆர்த்தடாக்ஸ் உறவு. நோன்புக்கு முந்தைய அந்த வாரத்தில் இறைச்சி ஏற்கெனவே விலக்கு, வெண்ணெய், பால், முட்டைக்கு இன்னும் அனுமதி. வெண்ணெய் என்ற சொல்தான் விழாவின் பெயருக்குள் இருக்கிறது. ப்ளினி அப்பம் வட்டமாக இருப்பதால் அது சூரியனின் வடிவம் என்கிறார்கள். அதே ப்ளினியை இறந்தவர் நினைவு விருந்திலும் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசி நாளில் வைக்கோல் பொம்மையை எரித்துக் குளிர்காலத்துக்கு விடை கொடுப்பார்கள். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பும் கேட்பார்கள்.

ஆர்மீனியா, ரஷ்யா, இந்தியா, ஈரான் என்று எல்லா இடத்திலும் நெருப்பு மூட்டுகிறார்களே, ஒரே மூலமா?

ஹோலிக்கு முந்தைய இரவில் ஹோலிகா தகனம். ஈரானில் நவ்ரூஸ் என்ற புத்தாண்டுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய் மாலையில் நெருப்பைத் தாண்டுகிறார்கள். ஒற்றுமை கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரே மூலம் தேட வேண்டியதில்லை. குளிர் முடியும் நேரத்தில் உதிர்ந்த சருகும் கழித்த கிளைகளும் எங்கும் குவிந்து கிடக்கும், இரவு இன்னும் குளிரும், வேலைக்காலம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். நெருப்பைச் சுற்றிக் கூட யாரும் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

கதைகளோ தனித்தனி. ஹோலி சந்திரக் கணக்கின் பால்குன மாத முழுநிலவையும், அதற்கு முன் வரும் மகா சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியையும் பற்றி நிற்கின்றன. இதே பருவத்தின் காமன் பண்டிகைக்குப் பின்னே இருப்பது சிவன் காமனை எரித்த கதை. காமன் வசந்தத்தின் தோழன். வசந்தம் வரும் நேரத்தில் அவன் எரிவதும், மீள்வான் என்ற நம்பிக்கையும் இந்தப் பருவத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

வரி கணக்கிலிருந்து பிறந்த திருநாள் ஒன்று உண்டா?

உண்டு. யூதர்களின் து பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. ஷ்வாத் மாதம் 15ஆம் நாள், ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும். பழங்களில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை செலுத்த வேண்டும். எந்தப் பழம் எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்று ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. யூத அறிஞர்களில் ஷம்மாய் பள்ளியினர் மாதத்தின் 1ஆம் நாள் என்றனர், ஹில்லேல் பள்ளியினர் 15 என்றனர், 15 நிலைத்தது. அந்தப் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும், அதன்பின் காய்ப்பது புது ஆண்டின் நீரில் விளைந்தது என்பது விளக்கம். வாதுமை மரம் பூக்கும் நேரமும் அதுதான். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகர ஞானிகள் வழியில் அதற்குப் பழங்கள் உண்ணும் சடங்கு சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரம் நடுதலும் சேர்ந்தது. கணக்கு வழக்குக்காகக் கிழித்த கோடு, பிள்ளைகள் கன்று நடும் நாளாகிவிட்டது.

லீப் நாளை ஏன் பிப்ரவரியில் வைத்தார்கள்?

பிப்ரவரி ரோமானியருக்குக் கடைசி மாதம் என்றேனே, அதுதான் காரணம். கணக்கைச் சரிசெய்வது ஆண்டின் வாலில்தான். ஆனால் நாட்காட்டியைத் திருத்திய சீசர் 29 என்ற நாளைச் சேர்க்கவில்லை. 24ஆம் தேதியை இரண்டு முறை எண்ண வைத்தார். சூரிய ஆண்டு 365.2422 நாள். நான்காண்டுக்கு ஒரு நாள் சேர்ப்பது சற்று அதிகம் என்பதால், 1582இல் நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் என்று திருத்தினார்கள். நாட்காட்டிக் குழப்பத்தைத் தீர்க்க ஸ்வீடன் 1712இல் பிப்ரவரி 30ஐயே கண்டது.

2026இல் ரமலான் பிப்ரவரியில் வந்ததே, அது பின்பனித் திருநாள் ஆகாதா?

ஆகாது. இஸ்லாமிய ஆண்டு முழுச் சந்திர ஆண்டு, அதிக மாதம் சேர்ப்பதில்லை. அதனால் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறி, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். 2026இல் ஓர் அரிய சந்திப்பு நிகழ்ந்தது: பிப்ரவரி 17இல் சீனப் புத்தாண்டும் மார்டி கிராவும், மறுநாள் திருநீற்றுப் புதன், பல நாடுகளில் ரமலானின் முதல் நோன்பும் அன்றே.

தென்பாதியில் இருப்பவர்களுக்கு?

அங்கே பிப்ரவரி கோடை. ரியோவின் கார்னிவல் வேர்க்க விறுவிறுக்க நடப்பது அதனால்தான். குளிர்காலத்தின் முடிவுக்காகப் பிறந்த விழா, நாட்காட்டியோடு கப்பலேறிப் போய்க் கோடை விழாவானது.

பருவத்தின் கடைசியில் வருவது எது?

சமநாளில் நவ்ரூஸ் வருகிறது, அது ஏற்கெனவே வசந்தத்தின் வாசல். அதற்கு முன் மார்ச் 1ஐச் சொல்வேன். பல்கேரியா, ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியா நாடுகளில் அன்று சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த வழக்கம் சேர்ந்தது. பல்கேரியர்கள் மார்ச்சை 'மார்த்தா பாட்டி' என்கிறார்கள். ஒரு நேரம் சிரிப்பாள், மறுநேரம் சீறுவாள். அவள் மனம் கோணாமல் இருக்கத்தான் நூல். கையில் கட்டியதை எப்போது கழற்றுவது என்பதை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை. முதல் நாரையையோ தகைவிலானையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை அது கையிலேயே இருக்கும். பார்த்ததும் அவிழ்த்து, பழமரக் கிளை ஒன்றில் கட்டிவிடுவார்கள்.